25 அளவுகள், ஐந்து நாட்கள்

அன்புள்ள சார்,

நான் பி.எஸ்ஸி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக, அடையாறு நிறுத்தத்தில் 29சி பேருந்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கெடுத்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை, ஒவ்வொரு அரை மணிக்கும் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த 29சி வரும்வரை ஆன நேரத்தைக் குறித்தேன். ஒரு நாளைக்கு ஐந்து, மொத்தம் 25 அளவுகள். நாள்வாரிச் சராசரி 11, 10, 13, 24, 12 நிமிடம். வியாழக்கிழமை மழை. மொத்தச் சராசரி 14, திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 6. டி அட்டவணையில் 2.064 எடுத்து 95% நம்பிக்கை இடைவெளி போட்டால் 11.5 முதல் 16.5 நிமிடம் வருகிறது.

“உண்மையான சராசரி இந்த இடைவெளிக்குள் இருக்க 95% நிகழ்தகவு உண்டு” என்று எழுதினேன். மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “இதே முறையைத் திரும்பத் திரும்பச் செய்தால், கிடைக்கும் இடைவெளிகளில் சுமார் 95% உண்மைச் சராசரியை உள்ளடக்கும்” என்று புத்தகத்தில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இன்னும் நிறைய அளவுகள் எடுத்தால் இடைவெளி குறுகுமா?

கா., பெரம்பூர்

அன்புள்ள கா.,

மதிப்பெண் குறைத்தது சரி. காரணம் சொல்லாமல் மனப்பாடம் செய்யச் சொன்னது சரியில்லை. ஒரு காசை வைத்தே காரணத்தைப் புரிந்துகொள்ளலாம்.

உங்கள் வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு ரூபாய்க் காசை 100 முறை சுண்டுகிறீர்கள். அவரவருக்கு விழுந்த தலைகளை எண்ணி 95% இடைவெளி போடுகிறீர்கள். காசில் கோளாறு இல்லை, உண்மை விகிதம் 50% என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு 47 தலை, இன்னொருவருக்கு 53. இவர்கள் போடும் இடைவெளிக்குள் 50 வந்துவிடும். கடைசி பெஞ்சில் ஒருவருக்கு 61 தலை விழுகிறது. சூத்திரத்தில் போட்டால் 51.4 முதல் 70.6 வரை வரும். அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 50 அதற்குள் இல்லை. தன் இடைவெளிக்குள் உண்மை இருக்க 95% நிகழ்தகவு என்று அவர் எழுதலாமா? உண்மை வெளியே நிற்பது கண்ணெதிரே தெரிகிறதே! 60 பேரில் மூன்று நான்கு பேருக்கு இப்படி ஆகும். மற்றவர்களுடைய இடைவெளிகளுக்குள் 50 இருக்கும்.

95 என்பது இந்த அறுபது பேரும் கையாண்ட முறைக்கு உரிய எண். அந்த முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து இடைவெளி போட்டுக்கொண்டே போனால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மையைப் பிடித்திருக்கும். மாதிரி எடுக்குமுன் “நான் போடப்போகும் இடைவெளி உண்மையைப் பிடிக்க 95% நிகழ்தகவு” என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். எடுத்து முடித்து 11.5, 16.5 என்று எண்கள் வந்த பிறகு, சராசரி அதற்குள் இருக்கிறது அல்லது இல்லை. காசு விஷயத்தில் யார் தவறவிட்டவர் என்று நமக்குத் தெரிந்தது, பேருந்து விஷயத்தில் தெரியாது. அவ்வளவுதான் வேறுபாடு. உண்மைச் சராசரியைப் பற்றியே நிகழ்தகவு பேச வேண்டுமென்றால் அதற்கு பேயஸ் வழி இருக்கிறது. அதில், கணக்கெடுக்குமுன் உங்களுக்கு இருந்த அனுமானத்தையும் எண்ணாக வைக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் அது வரும், பொறுமையாகப் படியுங்கள்.

இன்னொரு தவறான வாசிப்பையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் நண்பர்கள் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: “அப்போ நூற்றுக்கு 95 தடவை 29சி பதினொன்றரை நிமிடத்திலிருந்து பதினாறரை நிமிடத்துக்குள் வந்துவிடும், இல்லையா?” இல்லை. இடைவெளி சராசரிக்கானது. ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரம் அதைவிட எவ்வளவோ பரந்து கிடக்கும். உங்கள் திட்ட விலக்கமே 6 நிமிடம், வியாழனன்று சராசரியாக 24 நிமிடம் நின்றிருக்கிறீர்கள்.

சரி, இனி எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். உங்கள் வாக்கியத்தைத் திருத்தியவர்கள் உங்கள் 25 என்ற எண்ணைக் கேள்வி கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

6 நிமிடத்தை √25 ஆல் வகுத்து, திட்டப் பிழை (சராசரி மாதிரிக்கு மாதிரி எவ்வளவு மாறும் என்பதன் அளவு) 1.2 என்று எடுத்தீர்கள். அந்த 25 அளவுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் இந்த வகுத்தல் செல்லும். வியாழக்கிழமையைப் பாருங்கள். மழை பெய்தது, சாலையில் வண்டிகள் நகரவில்லை, 4 மணிக்குக் காத்திருந்தபோதும் தாமதம், 6 மணிக்கும் தாமதம். அந்த ஐந்து அளவுகளும் ஒரே செய்தியை ஐந்து முறை சொல்கின்றன. மற்ற நாட்களிலும் அப்படித்தான், ஒரே நாளின் அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. நீங்கள் உண்மையில் எடுத்த மாதிரி ஐந்து நாட்கள்.

நாள் சராசரிகள் ஐந்தை மட்டும் வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டேன். சராசரி அதே 14. அந்த ஐந்து எண்களின் திட்ட விலக்கம் 5.7. அதை √5 ஆல் வகுத்தால் திட்டப் பிழை 2.55. கட்டின்மை எண் (இங்கே, அளவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) இப்போது 24 இல்லை, 4. ஆகவே அட்டவணையில் 2.776 எடுக்க வேண்டும். இடைவெளி 6.9 முதல் 21.1 நிமிடம்! ஐந்து நிமிட அகலம் பதினான்கு நிமிடமாகிவிட்டது. தரவு ஒன்றுதான், நீங்கள் சேகரித்த விதத்தைக் கணக்கில் சேர்த்ததுமே இவ்வளவு மாறிவிட்டது. ஐந்து எண்களில் ஒன்று இத்தனை தள்ளி நிற்கும்போது இந்த டி கணக்கும் தோராயம்தான்.

வியாழக்கிழமையை எடுத்துவிட்டால் எண்கள் அழகாக இருக்குமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சென்னையில் பேருந்துக்குக் காத்திருப்பவர் மழையிலும்தான் நிற்கிறார்.

இதே விஷயம் பெரிய அளவில் நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 2020 ஜூலையில் சென்னையில் கொரோனா எதிர்ப்பணு (தொற்றுக்கு எதிராக உடலில் உருவாகும் ஆன்டிபாடி) ஆய்வு நடந்தது. 12,405 பேரின் ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். 18.4% பேரிடம் எதிர்ப்பணு இருப்பதாக மதிப்பிட்டார்கள், 95% இடைவெளி 14.8 முதல் 22.6 வரை. உங்கள் பாடப்புத்தகச் சூத்திரத்தில் 12,405ஐப் போட்டுப் பாருங்கள், 17.7 முதல் 19.1 என்று வரும். வெளியிட்ட இடைவெளி அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் அகலம். பன்னிரண்டாயிரம் பேரைச் சோதித்துவிட்டு இவ்வளவு அகலமா என்று தோன்றும். காரணம், ஆய்வாளர்கள் நகரம் முழுவதிலும் தனித்தனி ஆட்களைக் குலுக்கி எடுக்கவில்லை, அது நடைமுறையில் முடியவும் முடியாது. பகுதிகளைத் தேர்ந்து, அங்குள்ளவர்களைச் சோதித்தார்கள். ஒரே தெருவில் இருப்பவர்களுக்குத் தொற்று சேர்ந்தே வரும். வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் விகிதம் மிக அதிகம், மாதவரத்தில் மிகக் குறைவு. ஆட்கள் ஒரே மாதிரி கலந்து பரவியிருக்கவில்லை. அதை ஒளிக்காமல் கணக்கில் சேர்த்ததால்தான் இடைவெளி அகலமானது. அந்த அகலத்தில் எனக்கு நிறைய மரியாதை உண்டு. குறுகலான எண்ணைப் போட்டிருந்தால் செய்தித்தாளில் துல்லியமாகத் தெரிந்திருக்கும், ஆனால் அது பொய்.

நம்பிக்கை இடைவெளியின் பிறப்பே இந்தக் கவலையிலிருந்துதான். புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் அதன் முழுக் கோட்பாட்டை 1937இல் வெளியிட்டார். ஆனால் கருத்தை முதலில் முன்வைத்தது 1934இல், லண்டன் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில். அந்தக் கட்டுரையின் பொருள், மாதிரியை எப்படித் தேர்வது என்பது. அதில் அவர் எடுத்துக்கொண்ட ஒரு உதாரணம் இத்தாலியுடையது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களில் ஒரு பகுதியை மட்டும் மாதிரியாகக் காப்பாற்றி வைக்க கினி, கால்வானி என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் முயன்றார்கள். நாட்டிலிருந்த 214 மாவட்டங்களில் 29ஐப் பொறுக்கினார்கள். ஏழு அம்சங்களில் அந்த 29இன் சராசரி, நாட்டின் சராசரியோடு ஒத்துப்போகும்படி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தார்கள். பிறகு வேறு அம்சங்களை ஒப்பிட்டால் பொருந்தவில்லை. இப்படி விரும்பிப் பொறுக்கிய மாதிரிக்கு எந்தச் சூத்திரமும் பிழை எல்லை தர முடியாது, குலுக்கலில் எடுத்தால்தான் முடியும் என்று நெய்மன் வாதிட்டார். கூட்டத்திலிருந்த பௌலி என்ற புள்ளியியலாளர் இந்தப் புதிய ‘நம்பிக்கை’ ஏதோ கண்கட்டு வித்தையோ என்று வெளிப்படையாகவே சந்தேகப்பட்டார். ஆகவே இந்த விளக்கம் உங்களுக்கு உடனே பிடிபடவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம்.

உங்கள் இரண்டாவது கேள்வி. அளவுகளை நான்கு மடங்காக்கினால் இடைவெளி பாதியாகும் என்று சூத்திரம் சொல்கிறது. அதே ஐந்து நாட்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து நூறு அளவுக்கு மேல் எடுத்தாலும் உங்களுக்கு அந்தப் பலன் கிடைக்காது, இருப்பது அதே ஐந்து நாட்கள்தான். ஒரு நாளைக்கு ஒரே அளவு, ஆனால் 25 வெவ்வேறு நாட்கள் என்று எடுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் பரவலாக நாட்களைக் குலுக்கித் தேர்ந்துகொள்ளுங்கள், நேரத்தையும் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் குலுக்கியே எடுங்கள். நிறுத்தத்தில் நிற்கும் நேரம் மொத்தத்தில் அதிகமாகாது, இடைவெளி நம்பத்தக்கதாகிவிடும். சனி, ஞாயிறு பற்றியும் காலை நேரம் பற்றியும் பேச வேண்டுமென்றால் அவற்றையும் குலுக்கலில் சேர்க்க வேண்டும்.

அதற்கு நேரமில்லை, இதே தரவோடு ரெக்கார்டைச் சமர்ப்பிக்க வேண்டும் என்றால் இப்படி எழுதுங்கள்: “அடையாறு நிறுத்தத்தில் ஒரே வாரத்தின் ஐந்து வார நாட்களில், மாலை 4 முதல் 6 வரை எடுத்த அளவுகள். ஒரே நாளின் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் நாள் சராசரிகளைக் கொண்டு இடைவெளி கணக்கிடப்பட்டது. சராசரி 14 நிமிடம், 95% நம்பிக்கை இடைவெளி 6.9 முதல் 21.1. நாட்கள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. குலுக்கலில் நாட்களைத் தேர்ந்து இதே முறையைத் திரும்பத் திரும்பச் செய்தால், கிடைக்கும் இடைவெளிகளில் சுமார் 95% உண்மைச் சராசரியை உள்ளடக்கும்.” அதன் கீழே ஐந்து நாள் சராசரிகளையும் எழுதி, வியாழனுக்குப் பக்கத்தில் மழை என்று குறியுங்கள்.