சொல்வழி கேளாத கீபோட்: லினக்ஸ் கேள்வி பதில்

யப்பானிலிருந்து வந்த பாவித்த லப்டொப், சுவிஸில் இருக்கும் மாமா அனுப்பியது, கட்டாரிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது, ஒன்லைனில் எடுத்த மெக்கானிக்கல் என்று நம் பக்கத்து வீடுகளில் விதவிதமான கீபோட்கள் இருக்கின்றன. லினக்ஸ் போட்டதும் அவை பிழையாக அடிக்கின்றன என்று மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன.

முதலில் ஒன்று. கீபோட் எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பதற்கு ஓர் எண்ணை மட்டும்தான் அனுப்புகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் அதைத் தன் எண்ணாக மாற்றும். விசை அமைப்புகளை வைத்திருக்கும் எக்ஸ்கேபி அந்த எண்ணுக்கு எழுத்துக் கொடுக்கும். தமிழ் அடிப்பதென்றால் அதற்கும் மேலே ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை ஒன்று வேலை செய்யும். எந்தப் படியில் பிழை என்று தெரியாமல் எதிலும் கை வைக்க வேண்டாம். ஈவ்டெஸ்ட் என்ற சின்னக் கருவியைப் போட்டு, அதை ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு ஓட்டி, விசையை அழுத்திப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லும்.

களுவாஞ்சிகுடி: அண்ணன், சுவிஸ் லப்டொப்பில் இசட் என்று அச்சடித்த விசையை அடித்தால் வை வருகிறது. கீபோட் பழுதா?

பழுதில்லை தம்பி. சுவிஸ் கீபோட்டில் அந்த இரண்டும் இடம் மாறித்தான் இருக்கும். நீங்கள் லினக்ஸ் போடும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தெரிவு செய்திருப்பீர்கள். அமைப்புகளில் ‘ஜேர்மன், சுவிட்சர்லாந்து’ என்பதைச் சேர்த்தால் அச்சில் உள்ளபடி வரும். பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர் என்றால் அமெரிக்க அமைப்பையே வைத்துக்கொண்டு அச்சை மறந்துவிடுங்கள். இடது ஷிப்டுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு விசை இருக்கும், அதுவும் சும்மா இருக்காது, சிறிது-பெரிது அடையாளங்களைத் தரும்.

காத்தான்குடி: நாநா, கட்டாரில் வாங்கிய லப்டொப், விசைகளில் அரபும் இருக்கிறது. இங்கிலிஸ் மட்டும் வேண்டும்.

இங்கிலிஸ் அமைப்பை மட்டும் வைத்து அரபை நீக்கிவிடுங்கள். வேறொன்றும் தேவையில்லை.

வந்தாறுமூலை: சேர், கெம்பஸ் வேலைக்கு யப்பான் லப்டொப் ஒன்று எடுத்தேன். ஸ்பேஸ் பார் குட்டையாக இருக்கிறது, அதற்கு இரண்டு பக்கமும் யப்பான் எழுத்து விசைகள். அடைப்புக்குறியும் இடம் மாறி வருகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

கொடுக்காதீர்கள் தங்கச்சி. தமிழ் அடிப்பவருக்கு இதைவிட நல்ல கீபோட் கிடைப்பது கஷ்டம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அடைப்புக்குறி. அமெரிக்க அமைப்பில் இந்தக் கீபோட்டைப் பாவித்தால், ‘அட்’ அடையாளம் அச்சடித்த விசை திறக்கும் சதுர அடைப்பைத் தரும், அதற்கு அடுத்தது மூடும் அடைப்பைத் தரும். எல்லாம் ஒரு விசை தள்ளி நிற்கும். அச்சைப் பார்த்து அடிப்பவர் என்றால் ‘யப்பானியம்’ அமைப்பைத் தெரிவு செய்யுங்கள், அச்சும் எழுத்தும் பொருந்திவிடும்.

இப்போது ஸ்பேஸ் பாருக்கு இரண்டு பக்கமும் உள்ளவை. இடப்பக்கம் முஹென்கான், வலப்பக்கம் ஹென்கான். கேர்னலில் முஹென்கான் 94, ஹென்கான் 92. திரையையும் விசையையும் கவனிக்கும் எக்ஸ் எப்போதும் 8 கூட்டும் என்பதால் அங்கே 102, 100 என்று தெரியும். யப்பான்காரர் கானா என்ற ஒலியெழுத்தைக் கான்ஜி என்ற சித்திர எழுத்தாக மாற்ற இவற்றைப் பாவிப்பார்கள். உங்களுக்கு அவை பெருவிரலுக்கு நேர் கீழே சும்மா கிடக்கும் இரண்டு விசைகள். விசைகளின் வேலையை மாற்றும் கீடி என்ற நிரலைப் போட்டு, முஹென்கான் அழுத்தினால் சூப்பரும் (விண்டோஸ் விசை) ஸ்பேஸும் சேர்ந்து போக வேண்டும் என்று அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள். குனோம் டெஸ்க்டொப்பில் மொழி மாற்றும் சுருக்குவழி அதுதான். பிறகு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற, கை தன் இடத்தை விட்டு அசையாமல் பெருவிரலை மட்டும் வைத்தால் போதும். ஹென்கானை பேக்ஸ்பேஸ் ஆக்குங்கள். ஒரு கிழமை அடித்துப் பாருங்கள், மற்றக் கீபோட் கையில் ஒட்டாது.

கீடி பாவிக்கும் எல்லோருக்கும்: எழுதியது பிழைத்து கீபோட் கிறுக்குப் பிடித்தால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கீடி நின்றுவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்க வேண்டாம். இன்னொரு யூஎஸ்பி கீபோட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஏறாவூர்: மெக்கானிக்கல் கீபோட்டில் எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிப்பதில்லை, வெளிச்சம் குறைகிறது. விண்டோஸில் சரியாக இருந்ததே?

பல சீன மெக்கானிக்கல் கீபோட்கள் தங்களை ஆப்பிள் கீபோட் என்று கணினிக்கு அறிமுகம் செய்கின்றன. லினக்ஸ் அதை நம்பி ஆப்பிளுக்கான ட்ரைவரைக் கொடுக்கும், அது மேல்வரிசையை ஒலி, வெளிச்ச விசைகளாக நடத்தும். ஹிட்-ஆப்பிள் மொடியூலின் ‘எஃப்என் மோட்’ அமைப்பில் 2 என்று வையுங்கள், எஃப் விசைகள் எஃப் விசைகளாகவே வரும். மொடியூல் அமைப்புகளை வைக்கும் மொட்ப்ரோப் கோப்புறையில் எழுதினால்தான் நிரந்தரம். எழுதியபின் உபுண்டு, மின்ட் காரர் கணினி தொடங்கும்போது ஏறும் இனிட்-ரேம்-எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க வேண்டும். விண்டோஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் கீபோட்டின் பக்கவாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மட்டக்களப்பு நகர்: நான் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். கச்சேரியில் ரெங்கநாதன் தட்டச்சில் பழகிய கை. லினக்ஸில் ‘தமிழ், இலங்கை’ என்பதைத் தெரிவு செய்தேன். வேறு ஏதோ வருகிறது.

ஐயா, அந்தப் பட்டியலில் இலங்கைத் தமிழ் என்று இருப்பது தமிழ்நெட்99, அதாவது தமிழ்99 என்ற வேறு விசை அமைப்பு. பெயரைப் பார்த்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 நியமம் ரெங்கநாதனைத்தான் சொல்கிறது, ஆனால் எக்ஸ்கேபியால் அதைச் செய்ய முடியாது.

காரணம் இதுதான். ‘கொ’ அடிக்கத் தட்டச்சில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். உங்கள் விரல் அந்த ஒழுங்கில்தான் போகும். யுனிகோட் இதைச் சேமிக்கும்போது முதலில் க, அதற்குப் பின் ஒகரக் குறி, ஆக இரண்டே குறியீடுகள். அடித்த கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த எழுத்து வரும்வரை காத்திருந்து, இடம் மாற்றிப் போட ஒருவர் வேண்டும். எக்ஸ்கேபி ஒரு விசைக்கு ஒரு எழுத்து கொடுப்பதோடு சரி, முன்னால் வந்ததை அது நினைவில் வைப்பதில்லை.

எனவே ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போடுங்கள். வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். உள்ளீட்டு மூலங்களில் தமிழின் கீழ் ‘எல்கே-ரெங்கநாதன்’ இருக்கும். பழைய தட்டச்சில் அடித்த மாதிரியே அடிக்கலாம் ஐயா, எதையும் புதிதாகப் படிக்கத் தேவையில்லை.

அக்கரைப்பற்று: இந்தக் காலத்தில் ஏன் ரெங்கநாதன்? தமிழ்99 அடித்தால் பாதி வேலை. பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மட்டக்களப்பு நகர் (அதே ஐயா): இது நம் நாட்டு நியமம் தம்பி. தமிழ்நாட்டு அமைப்பை இங்கே ஏன் திணிக்க வேண்டும்?

கல்முனை: இரண்டும் வேண்டாம். ‘அம்மா’ என்பதை இங்கிலிஸ் எழுத்தில் அடித்தால் தமிழில் வருகிறதே, போதாதா?

இதற்குத்தான் இன்று அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்99 சுருக்கமானது என்பது உண்மை. ‘தம்பி’ என்பதற்கு த, ம, ப, இ என்று நான்கு விசைதான், புள்ளி தானாக விழும். ‘அம்மா’வும் நான்கே. வலக்கையில் மெய்யும் இடக்கையில் உயிருமாகப் பிரித்திருப்பதால் நீளமாக எழுதும்போது கை களைக்காது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டி வந்தது என்பதற்காக அது நமக்கு அந்நியம் ஆகிவிடாது. புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் பல வருடம் ரெங்கநாதன் அடித்த ஒருவரிடம் போய் அதை விடு என்று சொல்வது அநியாயம். அந்த வேகம் அவர் உழைத்துச் சேர்த்தது. இரண்டிலும் வெளியே வருவது ஒரே யுனிகோட்தான். கடிதத்தைப் படிப்பவருக்கு எந்த அமைப்பில் அடித்தது என்று தெரியப் போவதில்லை. ரோமன் முறை ஒரு குறுஞ்செய்திக்குப் பரவாயில்லை. ஒரு அறிக்கை முழுவதையும் அப்படி அடிக்கும்போது ல, ழ, ள மூன்றையும் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஆங்கிலமாக்கித் தமிழுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதில்தான் எழுத்துப்பிழை பெருகுகிறது.

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு இன்னொன்று. எக்ஸ்கேபி பட்டியலில் உள்ள தமிழ்நெட்99இல் அந்தத் தானியங்கிப் புள்ளி கிடைக்காது, காரணம் மேலே சொன்னதுதான். எம்17என் தரும் தமிழ்99ஐ எடுங்கள். பாடசாலைக் கணினி அறை என்றால் இரண்டையும் போட்டு வையுங்கள்.

செங்கலடி: லினக்ஸில் தமிழ் அடிப்பது எப்படி?

மேலே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. ஐபஸ்-எம்17என்.

திருக்கோவில்: பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்கள் லினக்ஸில் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன.

அது கீபோட் பிரச்சினை இல்லை, எழுத்துருப் பிரச்சினை. உள்ளே இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுங்கள்.

வாழைச்சேனை: லப்டொப்பில் மைக்கை மூடும் விசை வேலை செய்யவில்லை. ஈவ்டெஸ்டில் மட்டும் தெரிகிறது.

நல்ல கேள்வி, சோதித்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. அந்த விசைக்கு கேர்னல் எண் 248. எக்ஸ் 8 கூட்டினால் 256. எக்ஸால் 255க்கு மேல் எண்ண முடியாது, எனவே விசை நடுவழியில் தொலைந்துபோகிறது. சாதனங்களைக் கவனிக்கும் யூடெவின் ஹெச்டபிள்யூடிபி கோப்பு ஒன்று எழுதி, ஈவ்டெஸ்ட் காட்டும் ஸ்கேன்கோடை, அதாவது கீபோட் அனுப்பும் மூல எண்ணை, எஃப்20க்கு மாற்றுங்கள். பல லப்டொப்களுக்கு லினக்ஸ் தானே அப்படித்தான் செய்து வைத்திருக்கிறது. இரண்டாவது வரி ஓர் இடைவெளியில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அது பொருத்தும் வரியாகக் கணக்கில் எடுக்கப்படும். பிறகு ஹெச்டபிள்யூடிபியைப் புதுப்பித்து, யூடெவைத் தூண்டிவிடுங்கள்.

சம்மாந்துறை: ஒரு வீடியோ பார்த்து எக்ஸ்கேபி சிம்பல்ஸ் கோப்பையே திருத்தினேன். அப்டேட்டுக்குப் பிறகு எல்லாம் போய்விட்டது.

சிஸ்டத்தின் கோப்பைத் திருத்தவே வேண்டாம். ஒவ்வொரு அப்டேட்டும் அதை அழித்துப் புதிதாகப் போடும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் உங்கள் ஹோம் கோப்புறையின் கொன்ஃபிக்குக்குள் எக்ஸ்கேபி என்று ஒரு கோப்புறை போட்டு அதில் எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். விசை மாற்ற எக்ஸ்மொட்மாப் என்ற பழைய கருவியைப் போடச் சொல்லும் வீடியோக்களையும் விட்டுவிடுங்கள், வேலண்டில் அது உதவாது.

செங்கலடி: ஐபஸ் போட்டேன். தமிழ் பட்டியலில் இல்லை.

வெளியேறி மீண்டும் உள்ளே வந்தீர்களா?

ஒலுவில்: ‘ஏ’ விசை சில நேரம் அடிக்கிறது, சில நேரம் இல்லை. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

ஈவ்டெஸ்டில் பாருங்கள். அழுத்தும்போது அங்கேயே எண் வராவிட்டால் மாற்ற அமைப்பு எதுவும் இல்லை. கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் விசைக்கு அடியில் துரு ஏறும். மூடியைக் கழற்றித் துப்புரவாக்குங்கள், சரிவராவிட்டால் கீபோட்டை மாற்ற வேண்டியதுதான்.

செங்கலடி: வெளியேறி வந்தேன், இப்போது வருகிறது அண்ணன்.

சரி. தமிழ்99ஐயும் சேர்த்து வையுங்கள்.