பழைய ஷெவர்லே வேனுக்குக் கியர் பாக்ஸ் மவுண்ட் அடாப்டர்: கேள்வி பதில்

என் வேன் 1977 ஷெவர்லே ஜி20. மிச்சிகனில் வைத்திருக்கிறேன். அதிலிருந்த மூன்று கியர் டர்போ 350 ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு நான்கு கியர் 700ஆர்4 ஏற்றினேன். புதுக் கியர் பெட்டியின் வால் பகுதியைத் தாங்கும் அடாப்டரை வீட்டுக் கராஜிலேயே இரும்பில் செய்தேன். முதலில் செய்தது விரிசல் விட்டது. இரண்டாவது இன்றுவரை நிற்கிறது. இதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹூஸ்டனிலிருந்து: சார், இரண்டுமே ஜிஎம் (ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) பெட்டிதானே? பெல் ஹவுசிங் என்ஜினோடு அழகாகச் சேர்ந்துவிட்டது. கிராஸ் மெம்பர் துளை மட்டும் ஏன் சேரவில்லை?

முன்பக்கம், அதாவது என்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங் கூடு, ஒன்றுதான். பின்பக்கம்தான் வேறு. கிராஸ் மெம்பர் என்பது பெட்டியின் வாலைத் தாங்க வண்டியின் அடியில் குறுக்கே போகும் சட்டம். மவுண்ட் என்பது இரண்டுக்கும் நடுவே உட்காரும் ரப்பர் தாங்கி. என்ஜினைத் தொடும் முகத்திலிருந்து மவுண்ட் துளை வரை டர்போ 350-இல் சுமார் 20.4 அங்குலம், 700ஆர்4-இல் 22.5 அங்குலம். அதாவது மவுண்ட் 54 மில்லிமீட்டர் பின்னால் போய்விட்டது. அடாப்டர் என்று நாம் சொல்வது அந்த 54 மில்லிமீட்டரைக் கடக்கும் ஒரு சின்னப் பாலம், அவ்வளவுதான்.

பாலம் கட்டும் முன் ஒன்று பாருங்கள். கிராஸ் மெம்பரையே 54 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் புதுத் துளை போட இடம் இருக்கிறதா? இருந்தால் அதைச் செய்யுங்கள், அடாப்டரே வேண்டாம். என் வேனில் எக்ஸாஸ்ட் பைப்பும் ஹேண்ட் பிரேக் கேபிளும் குறுக்கே நின்றதால்தான் நான் அடாப்டருக்குப் போனேன்.

டொராண்டோவிலிருந்து: அண்ணை, என்னட்டையும் அதே மாதிரி ஒரு வான் இருக்கு. பெட்டிய ஏத்தியாச்சு. எந்த உயரத்தில, எந்தச் சரிவில நிக்கோணும் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

தம்பி, இந்த வேலையின் உயிரே இந்தக் கேள்விதான். பலரும் கிராஸ் மெம்பரில் இருக்கும் துளையைப் பார்த்து, கடப்பாரை வைத்து நெம்பிப் பெட்டியை அங்கே இழுத்துப் போல்ட் போடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. பெட்டி தனக்கு வசதியான இடத்தில் முதலில் நிற்கட்டும். அதன் பிறகு இரும்பு அதைத் தேடி வரட்டும்.

வேனின் எடை நான்கு சக்கரத்திலும் இருக்க வேண்டும். ராம்ப் மேல் ஏற்றிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம். என்ஜின் மவுண்ட் இரண்டையும் முறுக்கி, பெட்டியையும் என்ஜினோடு முறுக்கிவிட்டு, வாலை மட்டும் மரக்கட்டை வைத்த ஜாக்கியில் தாங்குங்கள். இப்போது வாலைக் கையால் இடமும் வலமும் ஆட்டிவிட்டு விடுங்கள். ரப்பர் தானாக ஓரிடத்துக்குத் திரும்பும். நான்கைந்து முறை ஆட்டினாலும் அதே இடத்துக்கு வந்தால் பக்கவாட்டு இடம் அதுதான். சேஸிஸின் நடுவை அளந்து அங்கே வைக்காதீர்கள். பெட்டி சரியாக நடுவில் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

உயரத்தைச் சரிவு சொல்லும். பின் ஆக்சிலின் பினியன் (சுழற்சி உள்ளே வரும் தண்டு) எத்தனை டிகிரி மேல்நோக்கி இருக்கிறதோ, பெட்டி அத்தனை டிகிரி கீழ்நோக்கி இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரிக்குள் வர வேண்டும். பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஒவ்வொரு கிராஸும் (மடங்கும் மூட்டும்) ஒன்றிலிருந்து மூன்று டிகிரி வரை மடங்கி வேலை செய்வது நல்லது. சுத்தமாக மடங்காமல் இருந்தாலும் கெடுதல்தான், ஊசி பேரிங் ஒரே இடத்தில் தேயும். ரசமட்டம் போதாது, கோணமானி வேண்டும். காந்தம் வைத்தது மலிவாகக் கிடைக்கிறது. ஜாக்கியை ஏற்றி இறக்கி இந்தக் கோணம் வந்ததும் நிறுத்துங்கள். கிராஸ் மெம்பருக்கும் மவுண்டுக்கும் இடையே இப்போது தெரியும் இடைவெளியைத்தான் நீங்கள் செய்யப்போகிறீர்கள்.

அந்த இடைவெளியை நான் சீரியல் டப்பா அட்டையில் வெட்டி எடுத்தேன். அட்டையைக் கிராஸ் மெம்பர் மேல் வைத்து, மவுண்ட் துளை வரும் இடத்தில் பென்சிலைக் குத்தினேன். மூன்று அட்டை வீணாயிற்று. இரும்பு வீணாவதற்கு அது எவ்வளவோ மேல்.

நியூ ஜெர்சியிலிருந்து: எத்தனை மி.மீ. பிளேட் போட்டீர்கள்? உங்கள் முதல் அடாப்டர் ஏன் உடைந்தது?

முதலாவது 5 மி.மீ. தட்டைப் பிளேட். கிராஸ் மெம்பரின் விளிம்பில் குறுக்காக ஒரே ஒரு வெல்டு. சில மாதம் ஓடிய பிறகு ரிவர்ஸ் போடும்போதெல்லாம் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புப் பெயின்டின் மேல், வெல்டு முடியும் ஓரத்தை ஒட்டி, மயிரிழை போலச் செம்பழுப்பில் ஒரு கோடு. தின்னரால் துடைத்தேன், போய்விட்டது. நிம்மதியாக எழுந்துவிட்டேன். இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் அதே இடத்தில் அதே கோடு. விரிசலுக்குள் உரசும் இரும்புத் தூள் துருப்பிடித்து வெளியே வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் அன்றே வேனை நிறுத்துங்கள்.

தப்பு தடிமனில் இல்லை, வடிவத்தில். தட்டையான பிளேட் நீச்சல் குளத்துப் பலகை மாதிரி வளையும். வளைவு அதிகமாக வரும் இடத்திலேயே குறுக்கு வெல்டும் அடித்திருந்தேன்.

இரண்டாவதற்கு 6 மி.மீ. மைல்டு ஸ்டீல், 100 மி.மீ. அகலம். இரு ஓரத்திலும் 25 மி.மீ. உயர விலா வைத்து, கவிழ்த்த தொட்டி போல ஆக்கினேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெறும் பிளேட்டைவிட இது சுமார் 35 மடங்கு விறைப்பு. இரும்போ ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. கிராஸ் மெம்பரோடு வெல்டு அடிக்காமல் நான்கு போல்ட்டில் பிடித்தேன். விலாவை மட்டும் நீளவாக்கில் வெல்டு அடித்தேன், அதுவும் வண்டியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்து. வண்டியில் வைத்து டேக் (சின்னப் புள்ளி வெல்டு) அடிக்க வேண்டி வந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அடியுங்கள். அடியில் ஆயிலும் பெட்ரோல் லைனும் இருப்பதை மறக்க வேண்டாம்.

மவுண்ட் துளையை முன்பின்னாக மட்டும் 10 மி.மீ. நகர இடம் இருக்கும்படி நீளத் துளையாக்குங்கள். மேலே தடித்த வாஷர். போல்ட் 8.8 தரம், லாக் நட். கடைசியில் ஒரு சோதனை: போல்ட்டை இரண்டு விரலால் பிடித்து நுழைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஸ்பேனரால் இழுத்தால்தான் நுழைகிறது என்றால் கழற்றிவிட்டு மறுபடி அளவெடுங்கள். பெட்டியில் மவுண்ட் மாட்டும் காது அலுமினியம். இழுத்துக் கட்டினால் முதலில் உடைவது அதுதான்.

ஒரு எச்சரிக்கை: 700ஆர்4-இன் துளைகள் மெட்ரிக் மரை. பழைய அங்குல போல்ட் இரண்டு சுற்றுப் போய் இறுகும். பலவந்தமாகத் திருப்பினால் மரை போய்விடும்.

டல்லாஸிலிருந்து: அலுமினியத்தில் செய்தால் எடை குறையுமே?

மிச்சமாவது மிகக் கொஞ்சம்தான். 6061-டி6 அலுமினியம் வெல்டு அடித்த இடத்தில் தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். இரும்பிலேயே செய்யுங்கள்.

சிகாகோவிலிருந்து: ரப்பரே வேண்டாம் என்று நேராக இரும்போடு இரும்பாக முறுக்கிவிடலாமா அண்ணா? ரப்பர் அடிக்கடி கிழிகிறது.

வேண்டாம் தம்பி. என்ஜின் ரப்பரில் ஆடும், பெட்டி மட்டும் ஆடாமல் நிற்கும் என்றால் நடுவில் மாட்டிக்கொள்வது அலுமினியக் கூடு. எல்லாம் ரப்பர், அல்லது எல்லாம் பாலியூரித்தேன் என்று ஒரே மாதிரி போடுங்கள்.

உங்கள் கேள்வியில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வால் ரப்பர் அடிக்கடி கிழிந்தால் குற்றவாளி வாலில் இல்லை. 700ஆர்4-இன் முதல் கியர் 3.06, டர்போ 350-இல் 2.52. அந்தப் பெருகிய முறுக்கு முழுவதும் என்ஜினையும் பெட்டியையும் சேர்த்துப் புரட்டப் பார்க்கும். அதைத் தாங்க வேண்டியவை அகலமாக நிற்கும் இரண்டு என்ஜின் மவுண்டுகள். அவற்றில் ஒன்று அறுந்திருந்தால் பாரம் வாலுக்கு வரும். பானட்டைத் திறந்துவைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து, டிரைவில் போட்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள், வண்டிக்கு எதிரே நிற்காதீர்கள். என்ஜின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஹூஸ்டன் நண்பர் மறுபடியும்: புரொப்பல்லர் ஷாஃப்டை எப்போது வெட்டுவது?

அடாப்டர் போட்டு முறுக்கிய பிறகு. 6 அங்குல வால் உள்ள டர்போ 350 என்றால் புதுப் பெட்டி சுமார் 78 மி.மீ. நீளம் அதிகம், ஷாஃப்டை அவ்வளவு குறைக்க வேண்டிவரும். 9 அங்குல வாலாக இருந்தால் நீளம் ஏறத்தாழ ஒன்றே, வெட்டவே தேவைப்படாமல் போகலாம். எனவே புத்தகத்து எண்ணை நம்பி வெட்டக் கொடுக்காதீர்கள். யோக்கை (ஷாஃப்டின் முன்முனையில் பெட்டிக்குள் நுழையும் துண்டு) கடைசிவரை உள்ளே தள்ளி, பிறகு 20-25 மி.மீ. வெளியே இழுத்து, அங்கிருந்து பினியன் வரை அளந்து எழுதிக் கொடுங்கள். யோக் 27 பல், இரண்டு பெட்டிக்கும் அதுவே பொருந்தும்.

கோயம்புத்தூரிலிருந்து: ஐயா, என்னிடம் பழைய மேட்டடார் வேன் இருக்கிறது. இதே அடாப்டர் முறை சரிவருமா?

அளவெடுக்கும் முறை சரிவரும், என் இரும்பு சரிவராது. மேட்டடார் முன்சக்கர இழுவை வண்டி. அதில் டிஃபரன்ஷியலும் பெட்டியோடு சேர்ந்தது, சக்கரத்தின் எதிர்முறுக்கு நேராகப் பெட்டியின் மவுண்டுகளுக்கே வரும். என்னுடையதில் அந்தச் சுமையைப் பின் ஆக்சிலும் ஸ்பிரிங்கும் வாங்கிக்கொள்கின்றன. அதனால் நீங்கள் பழைய மவுண்ட் இருந்த இடத்தையும் அதன் கனத்தையும் குறைக்காமல் செய்யுங்கள். என்ஜினையே மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிவிடுங்கள்.

டொராண்டோ தம்பி: எல்லாம் பூட்டியாச்சு அண்ணை. ஓடிப் பாக்கலாமோ?

டி.வி. (த்ராட்டில் வால்வ்) கேபிள் மாட்டினீர்களா? கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் அந்த ஒற்றைக் கேபிள்தான் 700ஆர்4-க்குள் ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அது தளர்ந்திருந்தால் முதல் ஓட்டத்திலேயே கிளட்ச் தகடுகள் கருகிவிடும். அதைச் சரிபார்த்துவிட்டுத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வந்ததும் நான்கு போல்ட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், போல்ட் தலையிலிருந்து பிளேட் வரை ஒரே கோடாக. நூறு கிலோமீட்டர் கழித்துக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.