விஷம் என்ற ஒரு சொல்

கேள்வி: எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமிகளுக்கு உலோகச் சேர்மங்களில் மருந்து தேடுகிறார்களாமே? உலோகம் உடம்புக்கு விஷமாயிற்றே, எப்படி நம்புவது?
– மயிலாப்பூர் வாசகர்

பதில்: விஷம் என்ற சொல்லைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். தீக்காயத்துக்கென்று வீட்டில் வைத்திருக்கும் வெள்ளைக் களிம்பை எடுத்து, குழாயின் மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் சில்வர் சல்ஃபாடயசின் என்றிருக்கும். கிருமியைக் கொல்வதில் பெரும்பங்கு அந்த வெள்ளியுடையது. பென்சிலின் வருவதற்கு முன், 1910-இல் பால் எர்லிக் மேகநோய்க்குக் கொண்டுவந்த சால்வர்சான் ஆர்சனிக் சேர்மம். கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி காலா அசார் என்ற கொடிய காய்ச்சலுக்குக் கண்ட யூரியா ஸ்டிபமைன் ஆன்டிமனி சேர்மம். எந்தச் சேர்மம், எவ்வளவு, எந்த வழியாக என்று கேட்காமல் உலோகம் முழுவதையும் விஷம் என்று தள்ளுவது தவறு. அதே கேள்விகளைக் கேட்காமல் நடைபாதையில் செந்தூரம் வாங்கி விழுங்குவதும் தவறுதான் என்று இந்தப் பக்கத்தில் பல முறை எழுதி, வசவும் வாங்கியிருக்கிறேன்.

கிருமியின் கையிலும் உலோகம் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கைச் செயலிழக்கச் செய்ய சில கிருமிகள் வைத்திருக்கும் நொதி ஒன்றுக்கு நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்-1 என்று பெயர். அதைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில், அந்த நொதியுள்ள கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்து மட்டும் 44 இருந்தன. பெயரில் டெல்லி வந்துவிட்டதே என்று கொதித்த அளவுக்கு அந்த 44-ஐப் பற்றி நாம் பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த நொதி தன் நடுவே இரண்டு துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றின் துணையால், மற்றவை பலிக்காதபோது கொடுக்கும் கார்பபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக்கின் மூலக்கூறு வளையத்தை அறுத்துவிடுகிறது. வயிற்றுப் புண்ணுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் பிஸ்மத், அந்தத் துத்தநாகத்தை வெளியே தள்ளி அவ்விடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது என்று ஹாங்காங் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். நொதி முடங்கியதும் பழைய மருந்து மீண்டும் வேலை செய்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத் திட்டம் ஒன்று 906 உலோகச் சேர்மங்களைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவும் உங்கள் சந்தேகத்துக்கு நேராகவே பேசுகிறது. அவற்றில் 88 சேர்மங்கள் மனித உயிரணுக்களையோ சிவப்பணுக்களையோ கெடுக்காமல் கிருமியைத் தடுத்தன, அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்டப் பத்து. உலோகமில்லாத கரிமச் சேர்மங்களில் அது நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை.

ஆனால் அவை சோதனைத் தட்டில் கிடைத்த எண்கள். ரத்தத்தில் இறங்கிய உலோகம் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளக்கூடும், சிறுநீரகத்தில் தங்கக்கூடும். ஆகவே அடுத்த கடிதத்தில் விஷமா என்று கேட்காமல், ஊசி போட்ட பத்தாம் நாள் அந்த உலோகம் உடம்பில் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனித்தனியே விடை காண வேண்டிய கேள்வி அது.