வேஷம் என்றால்தான் என்ன?

கேள்வி: ஐயா, ஸ்காட்லாந்தில் படிக்கும் என் மகள், எடின்பரோவில் ஏப்ரல் 30 இரவு நடந்த பெல்டேன் விழாவின் வீடியோவை அனுப்பினாள். உடம்பெல்லாம் சிவப்புச் சாயம், கையில் தீப்பந்தம், காதைப் பிளக்கும் மேளம். இது நிஜமாகவே பழைய பண்டிகையா? எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பழைய தோட்டத்துப் பொங்கலை மறுபடி கொண்டுவரப் பேசுகிறோம். 'அது செத்துப்போச்சு, இனிமே செஞ்சா வேஷம்தான்' என்கிறார் கோயில் தலைவர்.
- ஒரு வாசகி, நிபோங் திபால், மலேசியா

பதில்: பண்டிகை பழசு அம்மா, கொண்டாட்டம் புதுசு.

அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய மக்களான கெல்ட்டியருக்கு ஆண்டில் நான்கு பெருநாள். நவம்பர் 1 சவின் (எழுத்துக்கூட்டி 'சம்ஹைன்' என்று சபையில் படித்து அசடு வழிந்தவன் நான்), பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா. எல்லாம் மாட்டையும் பயிரையும் ஒட்டியவை. மே மாதம் மாடுகள் கோடை மேய்ச்சலுக்குப் போகும். நோய் அண்டாமலிருக்க இரண்டு தீ மூட்டி, நடுவே மாடுகளை ஓட்டுவார்களாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஐரிஷ் சொல்விளக்க நூல் ஒன்றிலேயே இது இருக்கிறது. வீட்டு அடுப்பை அவித்துவிட்டு, ஊர்த் தீயிலிருந்து புது நெருப்பு எடுத்துப்போகும் வழக்கமும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள்.

பிறகு அது மங்கிப்போனது. உங்கள் மகள் கால்டன் மலையில் பார்த்தது 1988-இல் சில கலைஞர்கள் தொடங்கியது. சிவப்புச் சாயம் அவர்கள் சேர்த்த சரக்கு, அதை அவர்கள் மறைப்பதுமில்லை. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து ஆடுகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். அயர்லாந்தில் இன்னொரு விதம்: இம்போல்க் நாளோடு ஒட்டிய பிரிஜித் திருநாளுக்கு 2023 முதல் அரசாங்கமே பொதுவிடுமுறை கொடுத்துவிட்டது. வேஷம் என்றால்தான் என்ன? கூத்தும் வேஷம்தானே, அதைப் பார்த்து நம் பாட்டிமார் அழவில்லையா?

உங்கள் ஊருக்கு வருவோம். பக்கத்திலிருக்கும் கலிடோனியா தோட்டத்தின் பெயரே ஸ்காட்லாந்தின் பழம்பெயர். முதலில் கரும்பு, அப்புறம் ரப்பர், இப்போது செம்பனை. கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பொங்கலுக்குக் கரும்பைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

நான் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) மகன். சின்னப்பிள்ளையில் நாங்கள் கண்ட பொங்கலில் மேடை கிடையாது. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) முன்னால் வீட்டுக்கொரு மூன்று செங்கல், ரப்பர் விறகு, கண்ணெரியும் புகை. யார் பானை முதலில் பொங்கும் என்று பெண்டுகளுக்குள் போட்டி. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு, மரத்தில் நம்பர் போட்டு மிஞ்சிய பெயிண்ட். ஒரு வருஷம் அம்மாவின் பானை விரிசல் விட்டுப் பாதிப் பால் சாம்பலில் ஓடியது. எதிர்வீட்டு அக்கா தன் பானையிலிருந்து பாதியை அள்ளிப் போட்டார். போன தை மாதம் ஒரு மண்டபப் பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு பானை, அதுவும் கேஸ் அடுப்பில். பேச்சு மட்டும் ஒன்றரை மணி நேரம். பொங்கியதை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால் மேடை வேண்டாம். கோயில் விளக்கிலிருந்து ஒரே தீயை எடுங்கள். வாசலில் செங்கல் வைக்கிற வீடெல்லாம் அதிலிருந்து அடுப்புப் பற்றவைக்கட்டும். நம் பெரியவர்கள் இப்படிச் செய்ததாக நான் சொல்லவில்லை, ஸ்காட்லாந்துக்காரனிடம் கடன் வாங்குகிறேன். அவர்கள் தோட்டத்துக்கு நாம் உழைத்த கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வேலை நாளில் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். விடிகாலை ஐந்துக்கே தொடங்கினால் எட்டுக்குள் முடியும். முதல் வருஷம் பத்து வீடு வந்தால் போதும். மாநகர் மன்றத்திலும் போம்பாவிலும் (தீயணைப்புத் துறையிலும்) முன்கூட்டியே கேட்டுவையுங்கள், தெருவில் தீ மூட்டுவதற்குச் சட்டம் இருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தலைவரையே எழுதச் சொல்லுங்கள், அப்புறம் அவர் வேஷம் என்று சொல்லமாட்டார்.