நோய்ப் பரவலை விசாரிக்க சுகாதாரப் பணியாளர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுக்கிறார்கள்?

பாடம் நடத்துவது கொஞ்சம்தான், மீதியெல்லாம் துப்பறியும் வேலை. உலகம் முழுக்க இந்தப் பயிற்சியில் வரும் பழைய உதாரணம் ஒன்று: 1940 ஏப்ரலில், நியூயார்க் மாநிலத்தின் ஒஸ்வீகோ மாவட்டத்தில் ஒரு சர்ச் விருந்தில் சாப்பிட்டவர்களுக்கு அன்றிரவே வாந்தி, வயிற்றுப்போக்கு. விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு நோய். யார் என்னென்ன சாப்பிட்டார், யாருக்கு நோய் வந்தது என்ற பட்டியலை அப்படியே கையில் கொடுத்து, "எந்த உணவு காரணம், சொல்லுங்கள்" என்பார்கள்.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது இறைச்சியைத்தான். ஆனால் பன்றி இறைச்சி சாப்பிட்டவர், சாப்பிடாதவர் இரு பக்கமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் நோய் வந்திருக்கும். வெனிலா ஐஸ்கிரீமுக்கு வந்தால் கதை மாறும்: சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்குத்தான். நோய் வந்தவர்களை மட்டும் கேட்டால் போதாது, வராதவர்களையும் கேட்க வேண்டும் என்பது அங்கேதான் மண்டையில் ஏறும்.

அப்புறம் நிஜக் களம். அமெரிக்காவில் 1951இல் நோய்ப்பரவியல் நிபுணர் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் சின்னமே ஓட்டை விழுந்த ஷூ அடிப்பாகம்தான், அவ்வளவு நடக்க வேண்டும்! நம்ம சென்னையில், தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் 2001 முதல் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. படிக்கும்போதே நேரடியாகப் பரவல்களை விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். என் கணிப்பில் புள்ளியியலைவிட கஷ்டம், காய்ச்சலில் கிடப்பவரிடம் மூன்று நாள் முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்பதுதான்.