பாதியில் நின்ற கோடு

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகன், ஆங்கில ஓவியர்களான டர்னர், கான்ஸ்டபிள் இருவருடைய ஓவியங்கள் அடங்கிய நூலொன்றை அனுப்பினான். வண்ண ஓவியங்களைப் புரட்டிவிட்டுப் போகிறேன்; பாதியில் விட்ட பென்சில் படங்களிடம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறேன். இது ரசனைக் குறையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: குறையே இல்லை, அம்மா. எனக்கும் பல ஆண்டுகளாக இதே பித்துதான்.

ஆனால் ‘பாதியில் விட்ட’ என்கிறீர்களே, அங்கேதான் உங்களிடமிருந்து சற்று விலகுகிறேன். 1819-இல் டர்னர் இத்தாலியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, ரோமில் ஓர் இளம் ஓவியர் அவரை வெளியில் அமர்ந்து வண்ணம் தீட்ட அழைத்தார். ஒரு வண்ணப்படம் தீட்டும் நேரத்தில் 15, 16 பென்சில் படங்கள் போட்டுவிடலாம் என்று டர்னர் மறுத்துவிட்டார். வரிசையாகச் சன்னல்கள் உள்ள மாளிகை என்றால், ஒன்றிரண்டை நுணுக்கமாக வரைவார். மற்றவற்றுக்குச் சிறு கீற்றுகள் போதும். நிறத்தைச் சொல்லாகவே பக்கத்தில் குறித்துக்கொள்வார். வேண்டியது கிடைத்தவுடன் பென்சில் நின்றுவிடும். அவரளவில் அது வேலை முடிந்த தாள்.

வெற்றிடத்தை நம் கற்பனை நிரப்புகிறது, அதனால்தான் இவை நம்மை ஈர்க்கின்றன என்று பலரும் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். தைலவண்ண ஓவியத்தில் மேல்பூச்சு அடிப்பூச்சை மூடிவிடுகிறது; ஓவியர் எதை முதலில் பார்த்தார், எங்கே தயங்கினார் என்பது நமக்குத் தெரிவதில்லை. பென்சில் தாளில் எதுவும் மறைவதில்லை. அழுத்தி இழுத்த கோடு, தேடித் தடவிய கோடு, மனம் மாறி அதன்மேல் போட்ட இன்னொரு கோடு எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதையே நாம் பார்க்கிறோம். அதுவும் நமக்காக வரையாத படத்தில்! டர்னர் மறைந்தபின் நாட்டுடைமையான காகிதப் படங்கள் ஏறத்தாழ 30,000. அவற்றில் பெரும்பாலானவை அவர் தமக்காகப் போட்டுக்கொண்டவை.

கான்ஸ்டபிள் இன்னும் நெருக்கமானவர். 1813, 1814 கோடைகளில் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டுகளோடு தம் சொந்த ஊரான கிழக்கு பெர்கோல்ட்டைச் சுற்றி நடந்தார். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று படங்கள்கூட உண்டு: மரம், வேலி, தூரத்துக் கோபுரம். பின்னாளில் மனைவியான மரியாவுக்கு எழுதிய கடிதத்தில், முதல் நோட்டைத் தம் நாட்குறிப்பாகவே குறிப்பிட்டார். இரண்டாவது நோட்டில் 1814 செப்டம்பர் 7 என்று தேதியிட்ட பக்கம் ஒன்று இருக்கிறது: ஃபிளாட்ஃபர்டு ஆலைக்கு அருகே கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் படகு. அதையே பெரிதாகத் தைலவண்ணத்தில் தீட்டி 1815-இல் காட்சிக்கு வைத்தார். இரண்டுமே இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உங்கள் நூலில் அந்த இரண்டும் இருந்தால் அருகருகே வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் மகனிடம் கேளுங்கள். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, அந்தப் படகின் வளைவை மட்டும் பார்த்து வரையுங்கள். எங்கே கை தானாக நிற்கிறதோ அங்கேயே விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.