கேள்வி – பதில்: டெபியனுக்கு ஒரு தேதி சொல்ல முடியாதா?

கேள்வி: எங்கள் கல்லூரி லேப்பில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான். புதுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது, என்றைக்கு என்று கேட்டால் 'தயாரானதும்' என்கிறார்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு தேதி சொல்ல முடியாதா?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

பதில்: அந்த ஆயிரம் பேரில் ஒருவரைக்கூட 'வெள்ளிக்கிழமைக்குள் முடி' என்று யாரும் விரட்ட முடியாது. இங்கே யாருக்கும் வேலை செய்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை என்று டெபியனின் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆபீஸ், பரீட்சை, கைக்குழந்தை எல்லாம் போக மிச்சமிருக்கும் ராத்திரியில்தான் ஒருவர் தன் பேக்கேஜை, அதாவது தான் பொறுப்பேற்ற மென்பொருள் தொகுப்பை, திறக்கிறார். புதுப் பதிப்பை வெளியிடும் ரிலீஸ் டீமும் அதே மாதிரி தன்னார்வலர்கள்தான்.

ஆக, ரிலீஸ் டீமின் கையில் இருப்பது உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, எதை உள்ளே விடுவது எதை நிறுத்துவது என்கிற அதிகாரம் மட்டும்தான். நீங்கள் ஏற்றும் பேக்கேஜ் முதலில் 'அன்ஸ்டேபிள்' பகுதிக்குப் போகும். அங்கே வழக்கமாக ஐந்து நாள் இருக்கவேண்டும், புதிதாக எந்தப் பெரிய பிழையும் வரக்கூடாது, ஆதரிக்கும் எல்லா வகைக் கணினிகளுக்கும் பில்ட் ஆகவேண்டும் (மூலநிரலிலிருந்து ஓடும் நிரலாக உருவாகவேண்டும்), அதை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்கள் உடையக்கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் அடுத்த பதிப்பு உருவாகும் 'டெஸ்டிங்'குக்கு நகரும். அங்கே போனபிறகும் பெரிய பிழையைத் திருத்தாமல் விட்டால் பேக்கேஜே வெளியே எடுக்கப்படும்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2002 ஜூலையில் டெபியன் 3.0 வந்தது, அடுத்த 3.1 வந்தபோது 2005 ஜூன். புதிதாக எழுதிய இன்ஸ்டாலருக்காகவும் பாதுகாப்புத் திருத்தங்களை பில்ட் செய்யும் ஏற்பாட்டுக்காகவும் கிட்டத்தட்ட மூன்று வருடம் எல்லோரும் காத்திருந்தார்கள். அதற்குள் டெபியனை வைத்தே உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளம் பிறந்து, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று கிளம்பிவிட்டது. 2009-ல் டெபியன் எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ரிலீஸ் தேதியை விட்டுவிட்டு ஃப்ரீஸ் தேதிக்குக் காலக்கணக்கு வைப்பது. புதிதாக எதையும் எப்போதிலிருந்து சேர்க்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், பிழைகள் என்றைக்குத் தீரும் என்று சொல்ல முடியாது இல்லையா? அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒன்று தவறாமல் வருகிறது. 2023 ஜூனில் 12, 2025 ஆகஸ்டில் 13.

கேள்வி: சம்பளம் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?
– வங்கி ஊழியர், சேலம்

பதில்: அதையும் செய்து பார்த்தார்கள். 2006-ல் டங்க்-டேங்க் என்ற பெயரில் நிதி திரட்டி, ரிலீஸ் மேலாளர்கள் இருவரைத் தலா ஒரு மாதம் முழுநேரம் வேலை செய்ய வைத்தார்கள். டிசம்பரில் வரவேண்டிய 4.0 வந்ததோ 2007 ஏப்ரல் 8. நடுவில் 'அவர்களுக்குக் காசு, எங்களுக்கு இல்லையா' என்ற மனத்தாங்கல் வேறு. சிலர் தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். பணமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், சம்பளத்தோடு பங்களிப்பவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு பேருக்குக் கொடுப்பதால் மற்ற நூற்றுக்கணக்கானவர்களின் ராத்திரி நேரம் கூடிவிடாது.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் ஒரு சின்னச் செயலி எழுதுகிறோம். 'இந்த ஒரு வசதி மட்டும் முடியட்டும்' என்றே ஒரு வருடமாக ரிலீஸ் தள்ளிப்போகிறது.
– மென்பொருள் பணியாளர், கோவை

பதில்: அந்த வசதியை அடுத்த பதிப்புக்குத் தள்ளுங்கள், இன்றைக்கே. அடுத்த ரிலீஸ் எப்போது என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் இதிலேயே நுழைத்தாகவேண்டும் என்ற பதற்றம் இருக்காது. லினக்ஸில் திரை, மெனு எல்லாம் தரும் நோம் 2002-லிருந்தே ஆறு மாதக் கணக்கில்தான் ஓடுகிறது. ரிலீஸுக்குச் சில வாரம் முன்பே திரையில் தெரியும் வாசகங்களை மாற்றுவதையும் நிறுத்திவிடுங்கள். தமிழாக்கம் செய்பவர் ஒருவர் உட்கார்ந்து முழுசாக முடித்தபிறகு கடைசி நாளில் இருபது வரியை மாற்றினால், அந்த இருபதும் ஆங்கிலத்திலேயே வெளியே போகும், அவரும் அடுத்த தடவை வரமாட்டார்.

அப்புறம், ரிலீஸ் செய்யும் வேலையை ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் சோர்ந்திருந்த நேரத்தில், 'ஏன் இவ்வளவு மெதுவாக' என்று சிலர் நெருக்க, உதவிக்கு வந்த முகம் தெரியாத ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்று ரிலீஸ் போடும் இடத்துக்கே வந்துவிட்டார். 2024-ல் வந்த 5.6.0, 5.6.1 இரண்டிலும் கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு. அதை இயக்கிவிடும் துண்டு எல்லோரும் நிரலைப் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் டார் கோப்பில் மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடிக்கும்போது அது டெபியனின் டெஸ்டிங் வரை வந்திருந்தது, வெளியிடப்பட்ட பதிப்பான ஸ்டேபிளுக்குள் நுழையவில்லை.

அதனால் டார் கோப்பை யாருடைய லேப்டாப்பிலும் செய்யாமல், எல்லோரும் பார்க்கும்படி கிட் டேகிலிருந்து (அந்தப் பதிப்புக்கு கிட்டில் இடும் அடையாளம்) தானாக உருவாகும்படி வையுங்கள். ரிலீஸ் படிகளை ஒரு கோப்பில் எழுதி, அடுத்த ரிலீஸை இதுவரை போடாதவரைப் போடச் சொல்லுங்கள்; அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே இன்னும் இரண்டு வரி சேர்க்கவேண்டியிருக்கும்.